மருமகனின் மூளையில் ஒரு வாதாம் பருப்பு

பாடசாலையில் இருந்த காலத்தில் என் வாய்த் தொல்லையை வகுப்புகள் பங்குபோட்டு அனுபவித்தன. ஓய்வு பெற்ற பிறகு அது முழுவதும் என் மனைவி ஒருத்தியின் தலையில் விழுந்தது. அவள் மீன் வெட்டினால் நான் செவுளின் அமைப்பைச் சொல்வேன். பூனை இருமினால் அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருப்பேன். உயிரியல் படிப்பித்தவனைக் கட்டிய குற்றத்துக்காக அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். இந்த நிலையில் எங்கள் ஒரே மகள் எனக்கு ஒரு நல்ல கைத்தொலைபேசி வாங்கித் தந்தாள். அதில் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் வரிசையில் நின்று இலவசமாகப் பாடம் நடத்தினார்கள். நான் காதில் வயரை மாட்டிக்கொண்டு மனித மூளைக்குள் இறங்கினேன். மனைவி கொஞ்ச நாள் நிம்மதியாகச் சமைத்தாள்.

மூளையிலும் எனக்குப் பிடித்துப்போனது இரக்கமில்லாதவர்களின் மூளைதான். சைக்கோபாத் என்று சொல்கிறார்கள். எங்கள் பக்கத்தில் 'நெஞ்சில ஈரமில்லாதவன்' என்று சொல்லிவிட்டுப் போவோம். விஞ்ஞானிகள் நெஞ்சை விட்டுவிட்டு மண்டைக்குள் தேடுகிறார்கள். காதுகளுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, வாதாம் பருப்பின் வடிவில் அமிக்டலா என்று ஒன்று இருக்கிறது. பயத்தை அறிவதில் அதற்குப் பெரிய பங்கு. நம்முடைய பயத்தை மட்டுமல்ல, எதிரே நிற்கிறவரின் முகத்தில் தெரிகிற பயத்தையும் அது கண்டுபிடிக்கிறது. அதற்கும் நெற்றிக்குப் பின்னால் இருக்கிற பகுதிக்கும் இடையில் எந்நேரமும் பேச்சு நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒன்று 'ஐயோ' என்னும், மற்றது 'அப்படியென்றால் செய்யாதே' என்னும். சிலருக்கு அந்தப் பருப்பு கொஞ்சம் சின்னதாகவும், அந்தப் பேச்சு கொஞ்சம் மந்தமாகவும் இருக்கிறதாம். அடுத்தவன் துடிப்பது அவர்களுக்குத் தெரியும், ஆனால் உறைக்காது.

இதை நான் சொன்னபோது மனைவி உயிர் நண்டை ஓடு கழற்றிக்கொண்டிருந்தாள்.

"அப்ப எனக்கும் அந்தப் பருப்பு சின்னன் எண்டு சொல்லுங்கோ," என்றாள்.

நண்டுக்கறிக்கு ஆசைப்பட்டவன் நான் என்பதால் அந்த ஆராய்ச்சியை அதோடு நிறுத்திக்கொண்டேன்.

மகளுக்குக் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், புள்ளிவிபரப் பகுதியில் வேலை. அதிகம் பேசமாட்டாள், பேசினால் கணக்காகப் பேசுவாள். ஒருநாள் பல்லுவலி என்று மன்னார் நகரத்திலேயே ஒரு பல்லு டொக்டரிடம் போய்வந்தாள். கன்னம் வீங்கிப்போய் அவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்த ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வீக்கம் வற்றிய பிறகும் பல்லுக் காட்டப் போய்க்கொண்டிருந்தாள். வாயில் அவ்வளவு பழுது இருந்திருக்காது என்று மனைவிக்கு முதலே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் கடைசியில் சொன்னார்கள்.

அந்தப் பல்லு டொக்டர் பெடியன் பக்கத்து ஊரான வங்காலையைச் சேர்ந்தவர். தகப்பனுக்கு வள்ளமும் வலையும் இருந்தன, தாய் இல்லை. பழக்கம் நல்லது, பூசைக்கு வருகிறவர். அதிகம் பேசாதவர். இந்த வீட்டுக்கு மருமகனாக வருகிறவருக்கு அதுதான் முதல் தகுதி என்று மனைவி சொன்னாள். நான் முழுமனதோடு சம்மதித்தேன். கோயிலில் பதிந்தாயிற்று.

எங்கள் கத்தோலிக்க வழக்கப்படி கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் அறிவித்தல் வாசிப்பார்கள். இன்னாரின் மகன் இன்னாரின் மகளைக் கலியாணம் முடிக்கப்போகிறார், இதற்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வரும். உண்மையில் யாரும் போவதில்லை. ஆனால் வாசித்து முடிந்ததும் கோயிலில் சின்னதாக ஓர் அமைதி விழும். யாராவது இருமுகிறார்களா என்று சனம் காது கொடுக்கும். எங்களுடைய முதல் ஞாயிறு அமைதியில் ஒரு குழந்தை மட்டும் சிணுங்கியது. மகள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் எனக்கு மச்சாள் முறையான ஒருத்தி வங்காலையிலிருந்து கருவாட்டோடு வந்தாள். அங்கே வாழ்க்கைப்பட்டவள்.

"மாப்பிள்ளை நல்ல பிள்ளைதான்," என்று தொடங்கினாள். "ஒரு கதை இருக்கு. சொல்லலாமோ தெரியேல்லை."

சொல்லலாமோ தெரியவில்லை என்று தொடங்கிய கதை எதுவும் சொல்லாமல் விடப்பட்டதாக எனக்கு நினைவில்லை. தேத்தண்ணி வைத்துக் கொடுத்தோம்.

"போன வருசம் தாய் மனிசி செத்துப்போச்சுது. ஒரே பிள்ளை. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நாங்கள் எல்லாரும் கட்டிப்பிடிச்சுக் குழறுறம், இவர் கதிரை எடுத்துப் போடுறார், வாற ஆக்களுக்குச் சோடா குடுக்கிறார். அதைவிடுங்கோ. பெட்டியில கிடக்கிற தாயின்ர வாயைத் திறந்து, விரலை உள்ளுக்கு விட்டு என்னவோ செய்தவர். சனத்துக்குப் பின்னால நிண்டு என்ர கண்ணால கண்டனான். பெத்த தாயின்ர வாய். பல்லுப் பார்க்கிற இடமோ அது?"

மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். மச்சாள் இரண்டாவது கோப்பை தேத்தண்ணியும் குடித்துவிட்டு, நாங்கள் கேட்டபடியால்தான் சொன்னதாகவும் தான் சொன்னதாக வெளியில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

நான் கைத்தொலைபேசியை எடுத்துப் பாடங்களை மறுபடி கேட்டேன். பேராசிரியர்கள் சொன்ன அடையாளமெல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது. முகத்தில் அசைவில்லாதவர். அடுத்தவர் கத்தும்போதும் கை நடுங்காதவர். யோசித்துப் பார்த்தால், மனிதர் கதிரையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விடும்போது அவர்களுடைய எலும்பிலிருந்து ஒன்றைப் பிடுங்கி எடுத்துத் தட்டில் போடுவதை ஒருவர் தொழிலாகத் தேர்ந்தெடுக்கிறார் என்றால் என்ன அர்த்தம்? இத்தனை நாளும் எனக்கு இந்தக் கேள்வி வராமல் போனதே என்று என் மீதே கோபம் வந்தது. ஒரே பிள்ளையைத் தூக்கி அந்தக் கையில் கொடுக்கப்போகிறோம்.

மகள் வேலையால் வந்ததும் பக்குவமாக விஷயத்தை எடுத்தேன். செத்த வீட்டுக் கதையை மச்சாளின் பெயர் வராமல் சொன்னேன். அமிக்டலாவையும் சொன்னேன். அவள் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று கேட்டாள்.

"அப்பா, அது ஒரு கூட்டம் ஆக்களையும் இன்னொரு கூட்டம் ஆக்களையும் எடுத்துச் சராசரி பார்த்துச் சொல்லுற கதை. ரெண்டு கூட்டமும் ஒண்டுக்குள்ள ஒண்டு கலந்துதான் கிடக்கும். அதை வைச்சுத் தனி ஒராளை இன்னார் எண்டு சொல்லேலாது. பேராசிரியரும் அதைச் சொல்லியிருப்பார். நீங்கள் கடைசிவரை கேட்டிருக்கமாட்டீங்கள்."

"சரி, பிள்ளை. ஆனால் அவர் ஏன் அழேல்லை?"

அவள் எதையோ சொல்ல வந்து விட்டுவிட்டு, "உடுப்பு மாத்திப்போட்டு வாறன்" என்று அறைக்குள் போனாள். திரும்பி வரும்போது கதை கறியின் உப்புக்கு மாறியிருந்தது.

இரண்டாவது ஞாயிறு மாப்பிள்ளையையும் தகப்பனையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தோம். மனைவிக்கு அது விருந்து, எனக்குப் பரிசோதனை. மூன்று சோதனைகளை மனதில் வைத்திருந்தேன்.

முதலாவது திடுக்கிடும் சோதனை. பயம் குறைந்தவர்கள் சத்தத்துக்கு மற்றவர்களைப் போல அதிர்வதில்லையாம். மாப்பிள்ளை கதிரையில் அமர்ந்து மனைவியிடமிருந்து தேத்தண்ணி வாங்குகிற நேரம் பார்த்து, பின்னால் நின்று பெரிய சில்வர் தட்டை நிலத்தில் விட்டேன். தகப்பன் துள்ளி எழும்பினார். மனைவி தேத்தண்ணியைச் சேலையில் ஊற்றிக்கொண்டாள். படலையடியில் நின்ற கழுதைகூட ஒருமுறை காதை நிமிர்த்தியது. மாப்பிள்ளை திரும்பிப் பார்த்து, எழுந்து, தட்டைப் பொறுக்கித் துடைத்து மேசையில் வைத்தார்.

"எங்கட இடத்தில நாள் முழுக்க உந்தச் சத்தம்தான், மாமா," என்றார்.

மனைவி என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் துளியும் இல்லை, அவளுடைய அமிக்டலா அன்று வேலை செய்யவில்லை.

இரண்டாவது அறச் சோதனை. நெற்றிக்குப் பின்னால் உள்ள பகுதி பழுதுபட்டவர்களிடம், ஐந்து பேரைக் காப்பாற்ற ஒருவரைக் கையால் தள்ளிவிடலாமா என்று கேட்டால், மற்றவர்களைவிடக் கூடுதலாக 'தள்ளலாம்' என்றுதான் வருமாம். வெளிநாட்டில் இதை ரயிலை வைத்துக் கேட்கிறார்கள். நான் ஊருக்கேற்ற மாதிரி வள்ளத்தில் ஏற்றினேன். கணவாய்ப் பிரட்டல் பரிமாறப்படும்போது, "ஆறு பேர் ஏறின வள்ளம் தாழுது. ஒராளைத் தண்ணியில தள்ளினால் மற்ற அஞ்சு பேரும் தப்புவினம். என்ன செய்வீங்கள்?" என்று பொதுவாகக் கேட்டேன்.

தகப்பன்தான் முதலில் பிடித்துக்கொண்டார். "எந்த இறங்குதுறை? இஞ்சின் என்ன? லைஃப் ஜக்கற் இல்லாமல் ஆறு பேரை ஏத்திக்கொண்டு போனவன் ஆர்? அவனைத் தள்ளுங்கோ."

"தள்ளப்போற ஆள் எங்கட பக்கமோ, அவையின்ர பக்கமோ?" என்று கேட்டாள் மனைவி. இத்தனை வருடம் ஒரே பூசைக்குப் போய் வருகிறோம், ஒரே பிரசங்கத்தைக் கேட்கிறோம்.

மாப்பிள்ளை சோற்றைக் குழைத்தபடி யோசித்தார். "ஒரு பல்லு போனால் மற்றப் பல்லுகள் தப்புமெண்டால் நான் பிடுங்கிப்போடுவன், மாமா," என்றார். அதற்கு மேலும் ஏதோ சொன்னார். ஆளென்றால் தனக்குத் தெரியாது, தன்னால் ஏலுமா என்று தெரியாது என்ற மாதிரி. எனக்குப் பிடுங்கிப்போடுவேன் என்ற இடத்திலேயே காது அடைத்துவிட்டது.

மூன்றாவது, கொட்டாவி. ஒருவர் கொட்டாவி விட்டால் பார்க்கிறவருக்கும் வரும். இரக்கம் குறைந்தவர்களுக்கு அது அவ்வளவாகத் தொற்றுவதில்லை என்று எங்கோ வாசித்திருந்தேன். சாப்பிட்டு முடிந்து எல்லோரும் விறாந்தையில் இருந்தபோது மாப்பிள்ளைக்கு நேரே கதிரையைப் போட்டு அமர்ந்து, வாயை அகலத் திறந்து ஒரு நல்ல கொட்டாவி விட்டேன். தகப்பனுக்கு உடனே வந்தது. இன்னொன்று விட்டேன். மனைவிக்கு வந்தது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் நிறுத்தவில்லை. தகப்பன் கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டுவிட்டு, "சம்பந்திக்கு எங்களோட இருக்க அலுப்பாக்கிடக்குப் போல," என்று மெதுவாகச் சொன்னார். மாப்பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் வரவில்லை. அவர் முன்னுக்குச் சாய்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இன்னொருக்கால் விடுங்கோ," என்றார்.

எனக்குத் திடீரென்று கொட்டாவி நின்றுவிட்டது.

"வலப்பக்கம், கீழ, கடைசிக்கு முதல் பல்லு. நோகிறேல்லையோ? சொத்தை உள்ளுக்குப் போயிட்டுது. சனிக்கிழமை பின்னேரம் ஒருக்கால் வாங்கோ, பார்ப்பம்."

அந்தப் பல் பல மாதங்களாக நொந்தது. அதை நான் வீட்டில் யாருக்கும் சொல்லாததற்குக் காரணம் ஒன்றுதான், எனக்கு ஊசிக்குப் பயம். உடம்பின் ஒவ்வோர் எலும்பையும் பெயர் சொல்லிப் படிப்பித்தவன் அதை எப்படிச் சொல்வது? இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மனைவி அன்றைக்கே வெதுவெதுப்பான உப்புத்தண்ணீர் வைக்கத் தொடங்கினாள்.

மூன்று சோதனையிலும் மாப்பிள்ளை சித்தியடையவில்லை. இனி மறைத்து வைப்பது பாவம் என்று முடிவெடுத்து, கிழமை நடுவில் கோயிலோடு சேர்ந்து பங்குத்தந்தை இருக்கிற அறைவீட்டுக்குப் போனேன். தடை தெரிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று அவர்தானே வாசித்தவர். நான் வைத்த சோதனைகளைத் தவிர எல்லாவற்றையும் ஒழுங்காக விளக்கினேன், மேசையில் இருந்த கடதாசியில் மூளையின் குறுக்குவெட்டையும் கீறிக் காட்டினேன். பங்குத்தந்தை பொறுமையாகக் கேட்டார். என்னிடம் ஒரு காலத்தில் படித்தவர், பழக்கம் இருந்தது.

"சேர், சட்டத்தில ரத்த உறவுத் தடை இருக்கு. ஏற்கெனவே கலியாணம் கட்டின தடை இருக்கு," என்றார். "மூளையில பருப்பு சின்னன் எண்டு ஒரு தடை இல்லை. அதையும் சேர்த்தால் இந்தப் பங்கில ஒருத்தருக்கும் கலியாணம் நடத்தி வைக்கேலாது, என்னைக் குருவாக்கியிருக்கவும் மாட்டினம்."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டார்.

"பயமா இருக்கோ, சேர்?"

"ஒரே பிள்ளை, ஃபாதர்."

"அப்ப தட்டை நிலத்தில போட்டுப் பார்க்காமல் அவரிட்டையே கேளுங்கோவன். கேட்டும் மனம் ஆறேல்லை எண்டால் ஞாயிறு பூசைக்கு முதல் வந்து சொல்லுங்கோ. நான் வாசிக்காமல் நிப்பாட்டிவைச்சு, உங்கட மகளையும் கூப்பிட்டுக் கதைக்கிறன்."

தட்டு விஷயம் அறைவீடு வரைக்கும் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. மன்னாரில் அது கேட்கிற கேள்வியல்ல. நான் பங்குத்தந்தையைப் பார்த்துவிட்டு வந்த செய்தியும் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போயிருந்தது. மகள் அன்று இரவு சாப்பிடும்போது சோற்றுக் கோப்பையை விட்டுத் தலையை எடுக்கவில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம் போனேன். பல்லுக்காக அல்ல, கேட்பதற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன இடம். மருந்து மணந்தது. வேறு ஆட்கள் இல்லை. கதிரையில் சாய்த்து, கழுத்தில் துண்டைக் கட்டிவிட்டார். கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும் என்று, "தம்பி, ஒண்டு கேக்கவேணும்," என்று தொடங்கினேன்.

"முதல் விறைக்கட்டும், மாமா. பிறகு கதைப்பம். வாயைத் திறவுங்கோ."

ஊசி போட்டதைச் சொல்ல விரும்பவில்லை. அது முடிந்து வாயில் பஞ்சை அடைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு முக்காலியை இழுத்து அமர்ந்தார். என் பாதி முகம் மெதுவாகக் காணாமல் போனது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவருக்கு முன்னால் பேச வழியில்லாமல் கிடந்தேன். அவர் என் கண்ணைப் பார்த்தார்.

"இந்தக் கதிரையில இருக்கிற ஆக்களுக்குக் கதைக்கேலாது. கண்ணைப் பார்த்துத்தான் நாங்கள் பிடிக்கிறது," என்றார். "பல்லுக்குப் பயந்த ஆக்கள் லைற்றைப் பார்ப்பினம், இல்லாட்டி இந்தத் தட்டைப் பார்ப்பினம். நீங்கள் வந்ததிலயிருந்து என்ர முகத்தையே பார்க்கிறீங்கள். உங்களுக்குப் பல்லில பயமில்லை, மாமா. என்னிலதான் பயம்."

மறுத்துச் சொல்ல வாய் இல்லை. பார்வையை வேறு பக்கம் திருப்பினேன். திருப்பியதே பதிலாகிவிட்டது.

"அம்மாவின்ர செத்த வீட்டுக் கதையை ஆரோ சொல்லியிருப்பினம்."

கருவாட்டைக் கொண்டுவந்த ஆளைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் பஞ்சை மாற்றினார். கையுறை போட்ட கை மென்மையாகத்தான் இருந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, தட்டில் கிடந்த சின்னக் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்.

"நான் சின்னனா இருக்கேக்கையே அம்மாக்கு முன்பல்லெல்லாம் விழுந்துபோட்டுது. சிரிக்கேக்க கையால பொத்துவா. கோயிலிலயும் பாட்டுப் படிக்கமாட்டா, பொத்திக்கொண்டுதான் நிப்பா. நான் படிச்சு முடிச்சு வந்து முதல் செய்விச்ச பல்லுச் செட் அவவுக்குத்தான். அதுக்குப் பிறகு அது இல்லாமல் ஒருத்தருக்கும் முகம் காட்டினது இல்லை, அப்பாவுக்குக்கூட. கடைசியா வருத்தம் வந்து படுக்கையில கிடக்கேக்க அதைக் கழட்டி ஒரு கோப்பைக்குள்ள போட்டு வைச்சவை. பெட்டியில வைக்கேக்க ஒருத்தருக்கும் நினைவில்லை. எனக்கும் நினைவில்லை. சனம் வரத் தொடங்கினாப் பிறகுதான் முகத்தைப் பார்த்தன். வாய் உள்ளுக்குப் போய்க் கிடந்துது. இத்தனை பேருக்கு முன்னால அம்மாக்கு வெக்கமா இருக்குமெண்டு நினைச்சன். செத்த ஆளுக்கு என்ன வெக்கம் எண்டு கேப்பீங்கள். அந்த நேரம் எனக்கு அது தெரியேல்லை."

வெளியே ஒரு பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"ஓடிப்போய்க் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தன். தாடை இறுகிப்போச்சுது. மெதுவாத்தான் செய்யவேணும். அழுதால் கை நடுங்கும், மாமா. முடிச்சுப்போட்டு அழுவம் எண்டு வைச்சன். பிறகு அழுகை வரேல்லை. ஆக்கள் வந்துகொண்டிருந்தினம், கதிரை காணாது. கனநாளைக்குப் பிறகு இஞ்ச ஒரு வயசான அம்மாவுக்குச் செட் போட்டுவிட்டுப் பார்க்கக் கண்ணாடியைக் குடுத்தன். அவ பார்த்துச் சிரிச்சா, சிரிச்சுப்போட்டுக் கையால பொத்தினா. பழக்கம். அப்பதான் எனக்கு வந்துது. அவவை அனுப்பிப்போட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு வெளியில வந்து அடுத்த ஆளைக் கூப்பிட்டன். அது உங்கட மகள். கன்னம் வீங்கி, நோவில இருந்தவ. தன்ர பல்லை விட்டிட்டு, 'டொக்டர், உங்களுக்கு என்ன?' எண்டு என்னைக் கேட்டவ."

மல்லாந்து கிடந்து அழுதால் கண்ணீர் கன்னத்தால் வராது, நேரே காதுக்குள் போகும். உயிரியல் படிப்பித்தவன் அதை அன்றுதான் அறிந்தேன். ஒரு தாயின் வாயில் கை வைத்த மகனை நாங்கள் எல்லோரும் சேர்ந்து கல்நெஞ்சன் ஆக்கிவிட்டோம். அந்தச் செத்த வீட்டில் செத்த மனிசியின் முகத்தைச் சரியாகப் பார்த்தது அவர் ஒருவர்தான்.

அவர் சட்டென்று எழுந்து குனிந்தார். "நோகுதோ, மாமா? இன்னும் விறைக்கேல்லையோ?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் கண்ணைப் பார்த்துவிட்டு, பிறகுதான் பல்லுப் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்தார். பல் வந்ததே எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது வாய் ஒரு பக்கம் தொங்கியது. மகள் ஐஸ்கிறீம் வாங்கி வைத்திருந்தாள். பாதி நாக்கோடு, "நீ ஏன் இதை முதலே சொல்லேல்லை?" என்று கேட்டேன். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் அவளுக்கு விளங்கியது.

"அது அவரின்ர அம்மா, அப்பா. அவர்தான் சொல்லவேணும்," என்றாள். ஐஸ்கிறீமைக் கரண்டியால் சின்னத் துண்டுகளாக வெட்டிக்கொண்டிருந்தாள். "நீங்கள் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லையே. அவரைத்தானே சோதிச்சுக்கொண்டு திரிஞ்சனீங்கள்."

கோபமாகச் சொல்லவில்லை. கச்சேரியில் ஒரு கூட்டல் பிழையைக் காட்டுகிற குரலில்தான் சொன்னாள். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது, வாய் வரவில்லை. நோவு மருந்துக் குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரக்கமில்லாத மூளையைப் பற்றி வீட்டிலும் அறைவீட்டிலும் அத்தனை பேச்சுப் பேசிய நான், 'எனக்குச் சம்மதம், பிள்ளை' என்ற ஒன்றை மட்டும் சொல்லாமல் நித்திரையாகிப்போனேன்.

காலையில் எழும்ப நேரம் பிந்திவிட்டது. மகள் முதலே கோயிலுக்குப் போயிருந்தாள். நானும் மனைவியும் போகும்போது பூசை தொடங்கியிருந்தது. என் கன்னம் அரைத் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. ஆண்கள் பக்கத்தில் இடமில்லாமல் மனைவியோடு கடைசி வரிசையில் நின்றேன். முடிவில் பங்குத்தந்தை மூன்றாவது அறிவித்தலை எடுத்தார். வாசிக்க முன் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் ஒருதரம் என்னைத் தேடிப் பார்த்தார். மனைவி என் சேட்டின் நுனியைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். நான் முன்னுக்கு ஓடிவிடுவேன் என்று நினைத்தாளோ தெரியாது.

தடை ஏதும் தெரிந்தவர்கள் என்று வாசித்து முடித்தார். அந்த அமைதி விழுந்தது.

அந்த நேரம் பார்த்து, பல்லுப் போன குழியிலிருந்து ஏதோ ஊறித் தொண்டைக்குள் இறங்கி, எனக்கு இருமல் கிளம்பியது. மூச்சைப் பிடித்தேன். கண்ணில் நீர் முட்டியது. அப்போதுதான் மகளைக் கண்டேன். பெண்கள் பக்கத்தில், முன்னுக்கு இருந்தாள். எல்லோரும் பங்குத்தந்தையைப் பார்த்திருக்க அவள் மட்டும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்தவர்களின் கண்ணில் வெள்ளை கூடத் தெரியும், அமிக்டலாவுக்கு முதலில் எட்டுவது அதுதான் என்று வீடு முழுவதும் சொல்லித் திரிந்தவன் நான். அந்த வெள்ளை அவள் கண்ணில் இருந்தது. கைப்பையை இறக்காமல் நின்று கேட்ட அன்று முதல் அது இருந்திருக்க வேண்டும். ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டு, வேலைக் களைப்பு என்று நினைத்திருக்கிறேன்.

இருமலை விழுங்கினேன். வாய் பேசுகிற இடமில்லை அது, பேசினாலும் பாதிதான் வந்திருக்கும். அவளைப் பார்த்துத் தலையை மேலும் கீழும் ஆட்டினேன். பிறகு சிரித்தேன். வீங்கிய பக்கம் அசையவில்லை, மற்றப் பக்கம் மட்டும் போனது. எப்படி இருந்திருக்குமோ, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்திருக்கும்.